ஆத்தூர் ரோட்டில் பின்னால் வந்த பைக்

காலையில் ஆத்தூர் பக்கம் தனியாக ஓடப் போயிருந்தேன். ஊரைத் தாண்டியதும் பின்னால் ஒரு பைக் சத்தம். முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை.

நான் வேகத்தைக் கூட்டினேன். பைக்கும் கூட்டியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இருப்பார்கள் என்று வரப்பில் இறங்கி அங்கே ஓடினேன்.

"ஏம்மா, நில்லு."

பெண் குரல். கிணற்றை நெருங்குவதற்குள் ஓர் அக்கா ஓடி வந்து என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். பைக் ஓட்டி வந்த அவர் கணவர் மூச்சிரைக்க என்னை மறித்து நின்றார்.

"எம்புட்டு சண்டைன்னாலும் கெணத்துப் பக்கம் போகலாமா தாயி?" என்றார் அக்கா.

"ஐயோ, நான் உடம்புக்காக ஓடுறேங்க்கா."

"உடம்புக்கு யாரு இம்புட்டு தூரம் ஓடுவா? ஒன் வீட்டுக்காரருக்கு போனப் போடு."

போட்டேன். அக்காவே வாங்கிப் பேசினார். "ஏப்பா, இந்தப் புள்ளய நீ என்ன சொன்ன?"

தூக்கக் கலக்கத்தில் என் கணவர் சொன்னது எனக்கும் கேட்டது. "தப்புதாங்க்கா. இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன்."

எங்களுக்குள் சண்டையே இல்லை. என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்று காலையிலிருந்து கேட்கிறேன். உங்களில் யாருக்காவது தெரியுமா?