ராத்திரி ஷிஃப்டும் ஒற்றை இட்லியும்

இன்று காலை ராயபுரம் பஸ் ஸ்டாப்பில், துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த கிரேன் டிரைவர் ஒருவர் பக்கத்தில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. என் பன்னில் பாதியை நீட்டினேன்.

"வோணாம் சார். இப்ப துன்னா, விடிஞ்சிச்சுன்னு மூளை முழிச்சிக்குமாம். அப்பால பகல்ல தூக்கம் வராதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு."

"அப்ப வெறும் வயித்தோட தூக்கமா?"

சிரித்தார். "எங்க சார்? பாப்பா கைல ஒரு இட்லிய வெச்சிகினு வாசல்லயே நிக்கும். எனக்கு ஊட்டிட்டுதான் ஸ்கூலுக்குப் போவும்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இன்னான்னு சொல்றது? டியூசன் முடிஞ்சி அது வர்றதுக்குள்ள நான் டூட்டிக்குக் கெளம்பிடுவேன். அது மூஞ்சியப் பாக்கறதே அந்த இட்லி நேரந்தான்."

மருத்துவ நண்பர்களே, அந்த ஒரு இட்லிக்கு மட்டும் மூளையிடம் சிபாரிசு செய்வீர்களா?