நல்லெண்ணெய் மீது ஒரு விசாரணை

வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு நான் நடத்திய ஒரே விசாரணை நல்லெண்ணெய் மீது.

போன கோடையில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு உதடு அரிக்கத் தொடங்கியது. பிறகு அண்ணம், பிறகு தொண்டை. அரை மணியில் அடங்கிவிடும். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப வரும். அலுவலகத்தில் நான் பார்த்த யாரும் அவ்வளவு சரியாக நேரத்துக்கு வந்ததில்லை.

சந்தேகம் எண்ணெய் மேல் விழுந்தது. தென்னேரியில் செக்கு வைத்திருக்கும் என் மைத்துனன், அக்காவுக்கென்று மாதாமாதம் கொண்டுவந்து கொடுக்கும் எண்ணெய் அது. எள்ளோடு எதையோ சேர்த்து ஆட்டுகிறான் என்று முடிவுகட்டி அவனிடமே சொல்லிவிட்டேன். பதினேழு-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை போடாத குறைதான். எண்ணெயைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, டின்னைப் பரண்மேல் ஏற்றினேன்.

மைத்துனன் வருவதை நிறுத்திவிட்டான். தம்பி இனி இந்த வீட்டுப் படி ஏறுவானா என்ற கவலையில், மனைவி என்னை விட்டுவிட்டுப் பாத்திரங்களோடு மட்டும் பேசினாள்.

முறைப்படி, எண்ணெய்க்கு ஒரு வாரம் என்று ஒதுக்கினேன். கடலை எண்ணெய் வாரத்தில் அரித்தது. சூரியகாந்தி வாரத்திலும் அரித்தது. தேங்காய் எண்ணெய் வாரத்தில் கத்தரிக்காய் வறுவல் தலைவாரிக்கொண்டு வந்ததுபோல் மணத்தது. அரிப்பும் தவறாமல் வந்தது. நான்காவது வாரம் எண்ணெயே இல்லை, வெறும் அவித்த காய். அப்போதும் அரித்தது. மைத்துனனின் எண்ணெய் வாணலியில் இன்னும் ஒட்டியிருக்கலாம் என்று நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி வாயைத் திறந்தாள். என் இடது கையில் மாம்பழத் துண்டு இருந்தது.

"இன்னாங்க, கடலெண்ணெய விசாரிச்சீங்க, தேங்காயெண்ணெய விசாரிச்சீங்க. சோறு துன்னதும் தெனமும் ரெண்டு பங்கனப்பள்ளி உள்ள போவுதே, அத்த யாரு விசாரிக்கிறது?"

நோட்டைப் புரட்டினேன். நான்கு வாரப் பதிவில் மாம்பழம் ஓரிடத்தில்கூட இல்லை. அதை உணவு என்றே நான் நினைத்ததில்லை. சாப்பாட்டுக்குப் பின் எனக்கு நானே வழங்கிக்கொள்ளும் சலுகை அது. தவிர, கோயில் மாமரத்தடியில் சாமியே குடியிருக்கும் எங்கள் ஊரில் மாம்பழத்தை யார் சந்தேகிப்பார்கள்?

டாக்டர் சந்தேகித்தார். அவர் கேட்ட இரண்டாவது கேள்வியே பழம் பற்றித்தான். சிலருக்குப் பச்சையாகப் பழம் ஒத்துக்கொள்ளாது, மாம்பழத்தை அடியோடு விட்டுவிடுங்கள் என்றார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

மனைவி அன்றே தம்பிக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் புது டின்னோடும், அக்காவுக்கென்று ஒரு கூடை மாம்பழத்தோடும் வந்தான். எனக்கு இட்லி வைத்து, பொடியில் அந்த எண்ணெயை ஊற்றினாள். அவன் எனக்கு நேரெதிரே உட்கார்ந்து மாம்பழம் அறுத்தான்.

"சாப்டுங்க மாமா. வாய் அரிச்சா சொல்லுங்க, செக்கயே கொண்டாந்து வாசல்ல நிறுத்தறேன், விசாரிங்க."

அரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் துறையில் கிடையாது. தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றச் சொன்னேன். மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவன் மாங்கொட்டையைச் சப்பியபடியே தலையை ஆட்டி அனுமதி கொடுத்தான்.