பார்ட்டிஷன்காரர் வீட்டுப் பார்ட்டிஷன்

கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்த லட்சுமணசாமிக்கு இரண்டு வேலை. கிணற்று மோட்டாரைச் சரிசெய்வது ஒன்று. அதற்குக் கூலி உண்டு. அண்ணன் தம்பிகளுக்குப் பார்ட்டிஷன் செய்துவைப்பது இன்னொன்று; அதற்குக் காப்பி மட்டும்தான்.

பார்ட்டிஷன் என்றால் கோயமுத்தூரில் எல்லாருக்கும் புரியும், ஆனால் ஆளுக்கொரு மாதிரி புரியும். பிளைவுட் கடைக்காரர் எத்தனை அடி உயரம் வேண்டும் என்பார். பல் டாக்டர் கிளினிக்கில் அது ஒரு பச்சைத் துணி. அந்தப் பக்கம் கத்துகிறவர் யாரென்று இந்தப் பக்கம் தெரியக்கூடாது, அவ்வளவுதான். லட்சுமணசாமியின் மூத்த மகன் உதய்க்கு ஐ.டி. கம்பெனியில் வேலை; அவனுக்கு அது கம்ப்யூட்டருக்குள் நடக்கிற சமாச்சாரம். ஆனால் கல்யாணப் பந்தியில் யாராவது குரலைத் தாழ்த்தி, "அவிங்கூட்ல பார்ட்டிஷன் ஆயிருச்சுங்களாமா" என்றால் பக்கத்து இலைக்காரர்கள் மெல்லுவதை நிறுத்திக் காதைக் கொடுப்பார்கள். லட்சுமணசாமி செய்தது அந்தப் பார்ட்டிஷன், அதாவது சொத்துப் பிரிவினை.

மோட்டார் பார்க்கப் போன இடத்தில்தான் இந்த வேலை அவரிடம் ஒட்டிக்கொண்டது. ஒரு கிணறு, அதற்கு இரண்டு பங்காளி. மோட்டார் புகைந்து கிடக்கும். யார் முறையில் புகைந்தது என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சுவார்த்தை நடத்தாமல் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்ற முடியாது. "ஏனுங்க, உங்களுக்கும் கஷ்டம், அவிங்களுக்கும் கஷ்டம். நான் ஒண்ணு சொல்றனுங்க, புடிச்சா எடுத்துக்குங்க, இல்லாட்டி உட்டுப்போடுங்க" என்று ஆரம்பிப்பார். சத்தம் போட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை. அந்தத் தன்மைக்கே பாதி வழக்கு தீர்ந்துவிடும். கொஞ்ச நாளில் அன்னூரிலிருந்தும் கோபியிலிருந்தும்கூட ஆள் வர ஆரம்பித்தது. அவருடைய சொந்தக்காரர்களான நாயுடு வீடுகளில் அவர் இல்லாமல் ஒரு சொத்தும் பிரியவில்லை. பெயரே பார்ட்டிஷன்காரர் என்று ஆகிவிட்டது.

அவருடைய முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரியவன் பங்கைப் பிரிக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பிரிக்கிற கை ஒழுங்காகப் பிரிக்கும். கிணற்றை மட்டும் பிரிக்கக்கூடாது, முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அப்பா அம்மா பேச்சு வரும். அது வரும்போது எல்லாரும் களைத்துப் போயிருப்பார்கள். "ரெண்டு பேரும் ஒரே பக்கம்னா ஒருத்தருக்கே பாரமாயிருமுங்க. அய்யன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் இருந்துக்கட்டும்" என்று இவர் சொல்லுவார். அப்பாடா என்று எல்லாரும் எழுந்து கைகழுவப் போவார்கள்.

இத்தனை தன்மையான மனுஷனுக்கு அது தப்பென்று உறைக்கவில்லை. உறைக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை. நம் ஊர்க்காரர்களின் மரியாதை அப்படி. காலை மிதித்தால்கூட, "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் காலை இழுத்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு அம்மாள் மட்டும் கேட்டாள். சரவணம்பட்டி பாலகோபாலின் தாயார் பங்காரம்மா. பாலகோபாலுக்கு வீடும் அப்பா வேணுசாமியும், சத்தியமங்கலத்தில் இருந்த தம்பிக்குத் தோட்டமும் அம்மாவும் என்று பேசி முடித்து லட்சுமணசாமி செருப்பை மாட்டும்போது, அந்த அம்மாள் காப்பி டம்ளரை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங் தம்பி, எங்களை ஒரே பங்குல போட்டுற முடியாதுங்களா?"

"மாசத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்துக்கலாமுங்கக்கா. பஸ்ஸு இருக்குதுங்கல்ல."

"செரிங்க" என்றாள் பங்காரம்மா. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தவன் உதய். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதெல்லாம் பழைய கதை. பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டு லட்சுமணசாமி வீட்டோடு இருக்கிற இந்தக் காலத்தில் அவருடைய பிள்ளைகளுக்கே பார்ட்டிஷன் வந்தது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சின்னவன் ஹர்ஷா கோபிசெட்டிபாளையத்தில் அவர்களுடைய தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு மனைவி லாஸ்யாவோடு அங்கேயே குடியிருந்தான். தோப்பில் நாற்றுப் பண்ணை போட பேங்கில் லோன் கேட்டால், பத்திரம் அவன் பெயரில் வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான் விஷயம். அப்பா வளர்த்த பிள்ளைகள், அப்பா முறைப்படியே செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து உதய் பங்கைப் பிரித்தான்.

"கோயமுத்தூர் ஊடும் பட்டறையும் ஒரு பங்குங்கப்பா. கோபித் தோப்பும் அங்கிருக்கிற ஊடும் ஒரு பங்கு. ஹர்ஷா, நீ எடு."

ஹர்ஷா தோப்பை எடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் உதய் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்பாவுக்கு ஹார்ட் டாக்டர் இங்கதான இருக்காரு. அதனால அப்பா எங்க கூட இருந்துக்கட்டும். லாஸ்யாவுக்குப் பிரசவம் வருது, அவளுக்கு அம்மாவும் இல்ல. நம்ம அம்மா அவிங்க கூட இருந்தா ஒத்தாசையா இருக்கும். பிரசவத்துக்கு மட்டும் இல்லீங்க, அதுக்கப்புறமும். ஒருத்தருக்கே பாரமாயிரக் கூடாதுல்லீங்க." அப்பாவின் முகத்தைப் பார்த்தவன் சமாதானமாகச் சொன்னான்: "மாசத்துக்கு ஒருக்காப் பாத்துக்கலாமுங்கப்பா. பஸ்ஸு இருக்குதுங்கல்ல."

லட்சுமணசாமியின் வார்த்தையே, அவர் குரலின் தன்மை உட்பட, எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. பையன் மேல் கோபப்படவும் வழியில்லை. அவர் அடுக்களை நிலைப்படியில் நின்ற மனைவி வெங்கடலட்சுமியைப் பார்த்தார். கோபி அவள் பிறந்த ஊர். அவளுக்கு அங்கே போக ஆசையாக இருக்கும், நாம் குறுக்கே நிற்பானேன் என்று நினைத்தார்.

"உனக்குச் செரிதானா?" என்று கேட்டார். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. நமக்காகத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டர், ஸ்கேன் என்று அவருக்கு இங்கேதான் வசதி, நம்மால் அது கெடுவானேன் என்று அவள் நினைத்தாள்.

"உங்களுக்குச் செரின்னா எனக்குஞ் செரிங்க."

கல்யாணம் ஆகி இத்தனை காலம் ஆன இரண்டு பேர் இப்படி ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டே பிரிந்துபோகிற நிலைமைக்கு வந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் தாய்மாமனை வைத்துப் பேச்சை முடிவு செய்வது என்று ஆயிற்று.

மறுநாள் காலையில் லட்சுமணசாமி யாரிடமும் சொல்லாமல் காந்திபுரம் போய்ச் சத்தியமங்கலம் பஸ் ஏறினார். பங்காரம்மாவைப் பார்த்து என்ன சொல்வதென்று அவருக்கே தெரியாது. வேணுசாமி இறந்த சேதி தெரியும். துக்கத்துக்குப் போய் மாலை போட்டவர்தான் இவர். அதற்கப்புறம் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை.

"வாங்க தம்பி, வாங்க! வெங்கடலட்சுமி நல்லா இருக்குதுங்களா? மொதல்ல உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் பங்காரம்மா. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் வாங்கியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, அன்னைக்கு உங்களைப் பிரிச்சுப்போட்டனுங்க. அது தப்புங்க."

பங்காரம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"நீங்க சொன்னாப்பல மாசத்துக்கு ஒருக்காப் பாத்துக்கிட்டோமுங்க. மொதல்ல நான் சரவணம்பட்டிக்குப் போனனுங்க. என்ற ஊட்டுக்கு நானே விருந்தாளியாட்ட போய்ச் சோபாவுல உக்காந்துட்டு வந்தனுங்க. அவரு இங்க வந்தாலும் அப்படித்தான். மருமகளுக நல்ல புள்ளைகதான். ஆனா அவிங்க முன்னால நாங்க என்னத்தப் பேசறது? அதுக்கப்பறம் அன்னூர் பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிட்டோம். அவரு அங்கிருந்து வருவாரு, நான் இங்கிருந்து போவேன். ஆளுக்கொரு டீ. அவரு தேங்கா பன்னு வாங்கிப் பிச்சுக் குடுப்பாரு. அங்க யாரும் எங்களை என்னன்னு கேக்கலீங்க. அவரு பஸ்ஸு வந்தா அவரு ஏறிக்குவாரு, என்ற பஸ்ஸு வந்தா நான் ஏறிக்குவேன்."

விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்துவிட்டாள்.

"ஒரு மாசம் அவரு வரலீங்க. அடுத்த பஸ்ஸுல வருவாரு, அடுத்த பஸ்ஸுல வருவாருன்னு பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தேன். ஊட்டுக்கு வந்ததுக்கப்பறந்தான் போன் வந்துச்சு."

லட்சுமணசாமி அழுதார். வெட்கமில்லாமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "அழுவாதீங்க தம்பி, காப்பி ஆறுதுங்க" என்றாள் பங்காரம்மா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெங்கடலட்சுமி கட்டிலோரமாகத் தன் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைத்திருந்தாள். கூடத்தில் தாய்மாமன், உதய், ஹர்ஷா, இரண்டு மருமகள்கள். உதய் பேசி முடித்தான். எல்லாரும் லட்சுமணசாமியின் தலை ஆடுவதற்காகக் காத்திருந்தார்கள். அடுக்களையில் வெங்கடலட்சுமி வடை சுட்டுக்கொண்டிருந்த வாசனை வந்தது.

"தோப்புல கெணறு இருக்குதே, அது யாருக்கு?" என்று கேட்டார்.

ஹர்ஷா விழித்தான். "எனக்குத்தானுங்கப்பா. முழுத் தோப்பும் எனக்குத்தான வந்திருக்குது."

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் கண்ணு. தோப்பும் ரெண்டாப் பிரிஞ்சிருந்தா கெணத்தை என்ன பண்ணுவீங்க?"

"முறை வெச்சுக்குவோமுங்க" என்றான் உதய். "கெணத்தை எப்படிங்கப்பா பிரிக்கறது?"

"ஆமா. நான் பார்ட்டிஷன் பண்ணுன எந்த ஊட்லயும் கெணத்தைப் பிரிச்சதில்ல. முறைதான் வெச்சேன். ஆனா பெத்தவிங்களைப் பிரிச்சேன். கெணத்துக்குக் குடுத்த மரியாதையை மனுசனுக்குக் குடுக்கல." அவர் நிறுத்தாமல் பேசினார். "தோப்பு உங்களுது, ஊடு உங்களுது, பட்டறை உங்களுது, எடுத்துக்குங்க. எங்க ரெண்டு பேரையும் பிரிக்காதீங்க. வேணும்னா எங்களுக்கும் முறை வெச்சுக்குங்க. லாஸ்யா பிரசவத்துக்கு நாங்க ரெண்டு பேரும் கோபிக்குப் போறோம். டாக்டரைப் பாக்கற நாள்ல ரெண்டு பேரும் இங்க வாறோம்."

"உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானுங்கப்பா" என்றான் உதய். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அதுக்குத்தான் கண்ணு சொல்றேன். உன்ற மேல தப்பில்ல."

பிறகு அவர், அந்த வீட்டில் யாரும் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்தார். மைத்துனர் முன்னால், மருமகள்கள் முன்னால் எழுந்து அடுக்களை நிலைப்படி வரைக்கும் போனார்.

"உனக்குச் செரிதானான்னு கேட்டது தப்பு. எனக்குச் செரியில்ல. உன்னை உட்டுட்டு என்னால இருக்க முடியாது. நீ எங்கூட இருக்கறயா?"

வெங்கடலட்சுமி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கூடத்தில் இருந்தவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தாய்மாமன் மின்விசிறியைப் பார்த்தார்.

"இதை ஏனுங்க போன ஞாயித்துக்கெழமையே கேக்கல?" என்றாள். "பையில துணி அடுக்கறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிருச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வடை கருகுது, தள்ளுங்க."

லாஸ்யாவுக்கு மாதம் நெருங்கியபோது இருவரும் கோபிக்குக் கிளம்பினார்கள். பையில் அவருடைய வேட்டி சட்டையும் இருந்தது. உதய் காரை எடுத்தான். லட்சுமணசாமி வேண்டாம் என்றார். சத்தியமங்கலம் வழியாகப் போய்ப் பங்காரம்மாவையும் பார்க்க வேண்டும். பஸ்ஸிலேயே போகிறோம் என்று சொல்லிவிட்டார்.

அன்னூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. இருவரும் இறங்கினார்கள். அவர் இரண்டு பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது, வெங்கடலட்சுமி ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்காரப் போனாள். அவர் அவளையும் பெஞ்சையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னங்க?"

அவர் சொன்னார். பங்காரம்மா, வேணுசாமி, டீ, தேங்காய் பன், வராமல் போன அந்த மாதம், எல்லாவற்றையும் சொன்னார். இதே பெஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எல்லாப் பெஞ்சும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"அவிங்களைப் பிரிச்சது நீங்களா?"

"நாந்தான்."

வெங்கடலட்சுமி பெஞ்சிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் கையிலிருந்து ஒரு டீயை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க, பஸ்ஸுலயே குடிச்சுக்கலாம். இங்க உக்கார வேண்டாமுங்க."