சட்டைப் பையில் றோட்டர்

வினாயகமூர்த்தியை வாகரையில் கார் மூர்த்தி என்றால்தான் தெரியும். ஏதோ பத்துக் கார் வைத்திருந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். இருந்தது ஒன்றே ஒன்று; அதுவும் அவரோடு சேர்ந்து கிழடு தட்டிய இங்கிலீஷ் கார். பிள்ளைப்பேறா, பாம்புக்கடியா, நள்ளிரவில் வந்த காய்ச்சலா, ஊர் முதலில் தட்டுவது அவர் படலையைத்தான்.

அந்தக் காரைக் காலையில் எழுப்புவது இரண்டு பேர் வேலை. பற்றறியைச் சேமிக்க மூர்த்தி முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றுவார். சாரதி ஆசனத்தில் அவர் மனைவி அன்னப்பூரணி இருந்து, திறப்புச் சாவியைத் திருப்பி, குளிர்ந்த என்ஜினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை முழுதாக இழுத்துப் பிடிப்பாள். என்ஜின் சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஏதோ தானே ஊரை எழுப்பியவள் மாதிரி இறங்கி வருவாள். அவசரமென்றால் ஹாண்டில் இல்லாமல் பற்றறியாலேயே எழுப்பவும், ஒழுங்கைக்குள் முன்னும் பின்னும் ஓட்டவும் பழகியிருந்தாள். முழங்கால் வாதத்தால் நடக்கத்தான் சிரமப்பட்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று அந்தக் காரில் இருந்தது. துவக்கு வைத்திருந்தவர்கள், அவர்கள் எந்தத் தரப்பாக இருந்தாலும், கார் என்றால் கண் வைப்பார்கள். கொண்டுபோனால் திரும்பி வராது. அதனால் மூர்த்தி ஒவ்வொரு மாலையும் என்ஜினை மூடிய பொனற்றைத் திறந்து, தீப்பொறியை நாலு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் றோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பெருவிரல் அளவு கறுப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் யார் என்ன செய்தாலும் கார் அசையாது. காலையில் அதைத் திரும்ப இடத்தில் பூட்டிய பிறகுதான் மனைவியைக் கூப்பிடுவார். அன்னப்பூரணிக்குப் பொய் சொல்ல வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். தெரியாமல் இருந்தால்தான், கார் எழும்பாததைக் கண்டு தானும் நம்பி, வந்தவர்களிடம் "கார் பழுது" என்று பயமில்லாமல் சொல்லுவாள் என்பது அவர் கணக்கு. இரண்டு தடவை அப்படிச் சொல்லிக் காரைக் காப்பாற்றியும் இருக்கிறாள்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹயர் ஓட்டம் எதுவும் இல்லாததால் மூர்த்தி றோட்டரைப் பூட்டவில்லை. பனிச்சங்கேணிக்கு இறால் வாங்க விடியவே சைக்கிளில் போய்விட்டார். ஒரு கண்ணா மரத்தைக் கட்டிப்பிடித்து அவர் உயிர் தப்பினார். அன்னப்பூரணியைப் பின்னேரம்தான் கண்டெடுத்தார்கள், படலையிலிருந்து நூறடி தூரத்தில், றோட்டோரம். அவர் குனிந்து அவளைத் தூக்கியபோது சட்டைப் பைக்குள் றோட்டர் கிடந்தது.

வீடு போய்விட்டது. கார்த் திறப்பு தொங்கிய ஆணியும், அந்த ஆணி இருந்த கதவு நிலையும் போய்விட்டன. கார் மட்டும் கொட்டில் இருந்த இடத்துக்குப் பின்னால் புளியமரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"அவவுக்கு எழும்பி வெளிய வரவே நேரம் இருந்திராது மூர்த்தி," என்றார்கள் சனங்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனுசன் உயிரோடு இருந்தார். நேரம் இருக்கவில்லை என்றால் அவள் கார்ப் பக்கம் போயிருக்க மாட்டாள். போயிருக்காவிட்டால் சட்டைப் பையில் கிடந்த துண்டில் குற்றமில்லை.

காரைத் தள்ளி எடுத்துப் புதுக் கொட்டிலில் விட்டார், சேற்றைக் கழுவினார், பிளக்கைக் கழற்றி உள்ளே டீசல் ஊற்றினார், என்ஜின் இறுகாமலிருக்க மாதத்துக்கு ஒரு தடவை ஹாண்டிலைச் சுற்றினார். முன்கதவை மட்டும் திறக்கவேயில்லை. சேறு காய்ந்த கண்ணாடியைத் துடைக்கவுமில்லை. அந்த ஆசனம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க அவரால் முடியாது, அவ்வளவுதான். பிறகு சண்டை வந்து ஊரோடு கிளம்பி, முகாமில் மாதக்கணக்கில் கிடந்தபோதும் றோட்டர் பையிலேயே இருந்தது. திரும்பி வந்தும் தனியே சமைத்தார், தனியே தின்றார். பேசுவதற்கு ஆளில்லாமல் பல நாள் தன் குரலையே அவர் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்து, சில மாதங்களில் பாறூக் வந்தான். ஓட்டமாவடியில் பழைய வாகனம் வாங்கி விற்பவன். மோட்டார் சைக்கிளில் பற்றறியும் பெற்றோலும் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"ஸ்டார்ட் ஆகினா நான் எடுக்கன் அண்ணன்," என்று பொனற்றைத் திறந்தவன் றோட்டர் இருக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "றோட்டரக் காணல்லயே. நீங்களுமா? எங்கட வாப்பா அரிசிப் பானைக்குள்ள ஒளிப்பாரு. உம்மாக்கிட்டச் சொல்லித்தான் வெப்பாரு."

மூர்த்தி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாறூக் அதையும் பற்றறியையும் பூட்டிப் பெற்றோல் ஊற்றினான். தீப்பொறி எழுப்பும் பொயின்ரில் ஏறியிருந்த பச்சைக் களிம்பை நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்துச் சுத்தம் செய்தான்.

"இனித் துறப்பத் தாங்க."

"அது கடலோட போயிற்று தம்பி. வயரப் போட்டு எடுப்பம்."

பாறூக் முன்கதவை இழுத்தான். இரண்டு உதை கொடுத்த பிறகு திறந்தது. தலையை உள்ளே விட்டவன் சொன்னான்: "துறப்பு இதுலதானே அண்ணன் கிடக்கி! திருப்பின வாக்கில துருப் புடிச்சிரிக்கி."

மூர்த்தி காருக்கு முன்னாலேயே நின்றார். "சோக்கு?" என்றார்.

"அதுவும் முழுசா இழுபட்டுக் கிடக்கி. ஆரு இழுத்த?"

மூர்த்தி மட்காட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது. ஆணியிலிருந்து திறப்பை எடுத்து, நோகிற காலை இழுத்து வந்து ஏறி, ஒவ்வொரு காலையும் செய்ததை ஒன்றும் பிசகாமல் செய்திருக்கிறாள். கார் எழும்பவில்லை. தான்தான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாள். பிறகுதான் இறங்கி நடந்திருக்கிறாள், நூறடி.

"என்ன அண்ணன், தலை சுத்துதா?"

"இல்ல. நீ உள்ள ஏறி இரி. நான் சுத்திறன்."

எழுந்து ஹாண்டிலைப் போட்டார். முதல் சுற்றில் ஒரு இருமல். இரண்டாவது சுற்றில் ஒரு வெடி. மூன்றாவதில் என்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டில் முழுக்கக் கறுப்புப் புகை.

"அல்ஹம்துலில்லாஹ்! ஒரு குறையும் இல்ல அண்ணன், நல்ல கார்!" என்று கத்திய பாறூக், சோக்கை உள்ளே தள்ளக் கை வைத்தான்.

"அதத் தொடாத!"

"தள்ளாட்டி நிண்டிருமே!"

"நிக்கட்டும்."

நாலைந்து தரம் திணறிவிட்டு என்ஜின் நின்றது. பாறூக் இறங்கி வந்து அவர் முகத்தைப் பார்த்தான். விலை பேசவில்லை. பற்றறியைப் பிறகு வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாலையானதும் மூர்த்தியின் கை வழக்கம்போலப் பொனற்றைத் திறந்தது. றோட்டர் இருந்த இடத்தில் இருந்தது. கழற்றாமல் மூடினார்.

அதன் பிறகு அந்தக் கார் திறப்போடும் றோட்டரோடும் இழுத்தபடியே இருந்த சோக்கோடும் கொட்டிலில் நின்றது. படலையையும் அவர் சாத்தவில்லை. எடுத்துக்கொண்டு போக ஒருவரும் வரவில்லை.