மூடுபனியில் தூக்கிய கொடி

போன வருடம் ஐப்பசி மழையின்போது ஏற்காட்டில் நடந்தது இது. எனக்கு ஊர் அதே மலையிலுள்ள கொட்டச்சேடு. பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விடுமுறை நாட்களில் எங்கள் பகுதித் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் துணை நடுவராகப் போவேன். கோட்டோரமாகக் கொடியோடு ஓடுவார்களே, அந்த வேலை.

அந்த சீசன் என்னை நன்றாகவே தேய்த்துவிட்டிருந்தது. விடிவதற்குள் பஸ் பிடித்து மலை இறங்கி, ஈரோடோ நாமக்கல்லோ கரூரோ போய், வெயிலில் ஓடி, கொடி தூக்கும்போதெல்லாம் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்ப மலையேற வேண்டும். "ஊட்டுக்குப் போயி சோறாக்கும்மா" என்று கத்தாத மைதானமே கிடையாது. கால்வலி ஒரு தூக்கத்தில் போய்விடும். என் கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்று வாராவாரம் நிரூபிப்பதுதான் முடியவில்லை. இந்த சீசனோடு விட்டுவிடுகிறேன் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன்.

சேலத்து அணி ஒன்று, தன் மைதானத்தில் பராமரிப்பு வேலை நடந்ததால், அந்த வருடம் ஏற்காட்டில் ஆடியது. மலைக்காரர்கள் அதைத் தங்கள் அணியாகவே எடுத்துக்கொண்டார்கள். கோல் அடிக்கும் இடத்தில் ஆடியவர் மலையிலேயே இருக்கும் வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர், எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அவர் ஒரு கோல் போட்டால் மறுநாள் பஸ்ஸில் அதுதான் பேச்சு. ஆனாலும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் லீக்கில் நீடிக்க முடியும் என்ற நிலை.

உள்ளூர்க்காரி என்பதால் அந்த ஆட்டத்துக்கு என்னைப் போடவில்லை. வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் மரம் விழுந்து, வரவேண்டிய துணை நடுவர் பாதி வழியில் மாட்டிக்கொண்டதாக போன் வந்தது. இரண்டு அணிகளும் என்னை ஏற்றுக்கொண்டன என்றார்கள். மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லாமல் கிளம்பிப் போனேன்.

இரண்டாம் பாதியில் பனி இறங்கியது. எதிர்ப்பக்கம் நின்ற கூட்டம் எனக்கு வெறும் சத்தமாகிவிட்டது. கோல் கம்பங்கள் மங்கலாகவாவது தெரிந்ததால் நடுவர் ஆட்டத்தைத் தொடர விட்டார். இரு தரப்பும் சமநிலை. முடியப்போகும் நேரத்தில் வெள்ளக்கடைக்காரரை நோக்கி நீளமாக ஒரு பந்து வந்தது. அது உதைக்கப்பட்ட கணத்தில் அவர் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரையும் தாண்டி, அரை உடம்பு முன்னால் நின்றார். ஆஃப்சைடு. கொடியைத் தூக்கினேன். பந்து வலைக்குள் போய், ஜனம் குதிக்கத் தொடங்கிய பிறகுதான் நடுவரின் விசில் கேட்டது. கோல் இல்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. அணி லீக்கிலிருந்து இறங்கிவிட்டது.

உடை மாற்ற எனக்குத் தனி அறை கிடையாது. வலையும் பந்தும் போட்டு வைக்கும் அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே கூட்டம் கலையவில்லை.

"நம்மூருப் பொண்ணே இப்படிப் பண்ணிப்போட்டாளே!"

"இத்தனை பனிக்குள்ள அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

ஏச்சு எனக்குப் பழக்கம்தான். அந்தக் கேள்விதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எப்படித் தெரிந்தது? நிஜமாகவே தெரிந்ததா? படம் பிடித்தவர்களின் கேமராவிலும் வெள்ளையாகப் பனிதான் விழுந்திருந்ததாம். யோசிக்க யோசிக்க, நான் பார்த்த காட்சி கலைந்துகொண்டே போனது. நாளை பள்ளிக்கு எந்த முகத்தோடு போவது?

கதவு தட்டும் சத்தம். திறந்தால் வெள்ளக்கடைக்காரர். முழங்கால் வரை சேறு, கண்கள் சிவந்திருந்தன. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்கக்கா, இன்னும் கெளம்பலீங்களா? வாங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் வாறேன்."

அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். கூட்டம் நெருங்கியது. அவர் நின்றார்.

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தானுங்க முன்னாலேயே போயி நின்னுட்டேன். கொடி தூக்குனது செரிதானுங்க."

யாரும் கை தட்டவில்லை. பெரியவர் ஒருவர் மட்டும், "அத நீ வாயத் தொறந்து சொல்லோணுமா சாமி?" என்று முனகிவிட்டு நகர்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வழிவிட்டார்கள். சிலர் அவரைப் பார்த்த பார்வையில் என்மேல் இருந்ததைவிட அதிகக் கோபம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ குடித்தோம். "ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பந்து வாறப்பவே தெரியுமுங்க, முன்னால நிக்கிறம்னு. பனியில யாரு பாக்கப்போறாங்கன்னு ஓடிட்டேன். இந்த வருசம் தோத்துத் தோத்து நொம்ப அலுத்துப்போச்சுங்கக்கா. இதுல பொய்யையும் தூக்கிட்டு ஊட்டுக்குப் போவ முடியாதுங்க."

கொட்டச்சேடு பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியே பார்த்தபோது, காலி டம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றிருந்தார்.

தன் கோல் செல்லாதென்று தானே சொன்னவரை அடுத்த சீசனுக்கு எந்த அணியும் எடுக்கவில்லை. இப்போது எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். நான் கொடியை விடவில்லை. அலுப்பும் குறையவில்லை, ஏச்சும் குறையவில்லை. நான் பார்த்தது நிஜம்தான் என்று சொல்ல அன்று அந்த மைதானத்தில் ஒரே ஒருவரால்தான் முடிந்திருக்கும். சொல்வதால் அதிகம் இழக்கப்போகிறவரும் அவராகவே இருந்தார்.