இரண்டாம் நம்பர் பதில்

இங்கிலாந்தில் ஒரு தொகுதியே சேர்ந்து என்னைச் சபித்திருக்க வேண்டும். நான் ஒருத்தி இருப்பதே அந்த ஜனங்களுக்குத் தெரியாது, அதனால் தப்பித்தேன். அவர்கள் தங்கள் எம்.பி.க்கு எழுதிய கடிதங்களுக்கு, கொடைக்கானலில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் அடித்துப் போட்டவள் நான்தான்.

அந்த எம்.பி. ஏழு தேர்தல் நின்று ஏழிலும் ஜெயித்தவர். ஒருநாளும் மந்திரி ஆகவில்லை. ஆகாததையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சுதந்திரத்துக்கு முன்பே நமக்காகப் பார்லிமெண்டில் கேள்வி கேட்டவர் என்று பழனியில் ஒருமுறை கூட்டம் போட்டு, மாலை போட்டு, பஞ்சாமிர்த டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். "நான் சுரங்கத் தொழிலாளி மகன், என்னைத் துரை என்று கூப்பிடாதீர்கள்" என்பார். நாங்கள் துரை என்றுதான் கூப்பிட்டோம். அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய அக்கா கல்யாணம் ஆகாத கிழவி. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகும் ஏரிக்கு மேலே இருந்த தன் பங்களாவை விடவில்லை. லண்டனில் பார்லிமெண்டுக்கு லீவு விட்டதும் துரை அக்காவிடம் வந்துவிடுவார். ஆகஸ்டும் செப்டம்பரும் இங்கேதான். சீசன் முடிந்து, ஊர் மஞ்சு மூடிக் கிடக்கிற காலம் அது. வாரம் ஒரு கட்டுக் கடிதம் லண்டனிலிருந்து விமானத் தபாலில் வரும். நான் பக்கத்துக் கிராமமான பள்ளங்கிக்காரி, பூண்டு வெள்ளாமைக் குடும்பம். மிஷன் புண்ணியத்தில் டைப்ரைட்டிங் படித்திருந்ததால் அந்த இரண்டு மாதமும் எனக்கு அங்கே வேலை.

பார்லிமெண்ட் முத்திரை போட்ட தாளில் பதில்களை அடித்து, ஒரே பார்சலாக லண்டனுக்கு அனுப்புவோம். அங்கே துரையின் ஆபீஸில் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போடுவார்கள். எம்.பி. லண்டனில் தங்களுக்காக உழைத்துக்கொண்டிருப்பதாக ஜனங்கள் நினைத்துக்கொள்ளும். இதைப் பற்றி வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது உத்தரவு. வீட்டில்கூட, துரை புத்தகம் எழுதுகிறார், அதை அடிக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

துரை ஒவ்வொரு கடிதத்தையும் படித்து மூலையில் பென்சிலால் நம்பர் போடுவார். புகழ்ந்தவர்களுக்கு ஒன்று, திட்டியவர்களுக்கு மூன்று, உதவி கேட்டவர்களுக்கு இரண்டு. மேயர், ஆலை முதலாளி மாதிரி ஆட்களுக்கு மட்டும் தன் கைப்பட எழுதுவார். மற்ற மூன்று நம்பருக்கும் அவர் எழுதிக்கொடுத்த மாதிரிப் பதில்களை அட்டையில் ஒட்டி என் முன்னால் வைத்திருந்தேன். இரண்டாம் நம்பர் பதில் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "தங்கள் கடிதத்தைக் கவனமாகப் படித்தேன். தங்கள் நிலை அறிந்து வருந்துகிறேன். உரிய இடத்தின் பார்வைக்கு அனுப்பியுள்ளேன். மேலும் உதவி தேவைப்பட்டால் தயங்காமல் எழுதவும்." உரிய இடம் என்பது கணப்பு. அங்கே யூகலிப்டஸ் விறகு எப்போதும் ஈரமாக இருக்கும், காகிதம் இல்லாமல் பிடிக்காது. பதில் அடித்து முடித்த கடிதங்களைச் சமையல்காரர் அள்ளிக்கொண்டு போவார்.

முதல் வருஷம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் ருசி கண்டுவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன். நம்மை ஆண்ட ஜாதி கூரை ஒழுகுது, பென்ஷன் வரவில்லை என்று கெஞ்சுகிறது. பள்ளங்கியில் பூண்டு உரித்தவள் அதற்கு 'வருந்துகிறேன்' என்று அடித்துவிடுகிறாள். அந்தச் சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. ஒரு விதவை, மகன் சிறையில் இருக்கிறான், ஒரு தடவை பார்க்க விடுங்கள் என்று எழுதியிருந்தாள். அதைச் சமையலறையில் தமிழாக்கிப் படித்து, மூக்கை உறிஞ்சி நடித்தும் காட்டினேன்.

"பாவம் புள்ள, அதுவும் பெத்தவதான," என்றார் சமையல்காரர்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி எடம் குடுக்கணும்லண்ணே," என்றேன். பூசாரித்தனம் அவ்வளவு தலைக்கேறிப்போயிருந்தது எனக்கு.

அதே பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவன் என் தம்பி. அந்த டைப்ரைட்டரைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து தலையில் வைத்துக் கொண்டுவந்தவனே அவன்தான். வாசல் படியில் பாசி வழுக்கிக் கீழே போட்டுவிட்டான். மெஷின் பிழைத்தது. 'ஜி' என்கிற ஆங்கில எழுத்து மட்டும் அன்றிலிருந்து வரியை விட்டு மேலே துள்ளித்தான் விழும்.

"ஏலே, ஒன் எழுத்து மறுபடியும் ஏறி நிக்குது பாரு," என்பேன்.

"நான் ஒசரத்துக்குப் போவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குக்கா," என்பான்.

போகத்தான் போனான். துரைக்கு அவனைப் பிடித்திருந்தது. தன் தொகுதியில் இரும்பு வார்க்கிற ஆலைக்கு ஆள் போதவில்லை என்று சொல்லி, ஆலை முதலாளிக்குக் கைப்படக் கடிதம் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த முதலாளி துரைக்குத் தேர்தல் வேலை பார்க்கிற சிநேகிதர். வெளிநாட்டு ஆட்களுக்குக் கதவைச் சாத்துகிற சட்டம் அங்கே வருவதற்கு முன்னால் தம்பி கப்பலேறிவிட்டான். மாதம் ஒரு கடிதம் வரும். நல்லா இருக்கேன், குளிர் நம்ம ஊர் மாதிரிதான், அம்மாவிடம் சொல்லு. அவ்வளவுதான் இருக்கும்.

மூன்றாம் வருஷம் செப்டம்பரில், கட்டைப் பிரித்து அடித்துக்கொண்டிருந்தபோது கோணல்மாணலான ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து அடையாளம் தெரியவில்லை. அடியில் இருந்த பெயரைப் பார்த்தேன், என் தம்பி பெயர். காய்ச்சிய இரும்பு கொட்டி வலது கை வெந்துவிட்டது, இடது கையால் எழுதுகிறேன், மன்னியுங்கள் என்று ஆரம்பித்திருந்தான். ஆலையில் இனிமேல் எடுக்கமாட்டார்களாம். இந்த மாதத்தோடு அறையையும் காலி செய்ய வேண்டுமாம். கறுப்பனுக்கு அந்தத் தெருவில் வேறு யாரும் அறை தரமாட்டார்களாம். நீங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் பெருக்குகிற வேலையாவது தருவார் என்று கேட்டிருந்தான். கடைசியில், "என் அக்கா உங்களிடம் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இது தெரிய வேண்டாம், ஐயா."

நான் புத்தகம் அடிப்பதாகத்தான் அவனுக்கும் தெரியும். லண்டனுக்கு எழுதினால் லண்டனிலேயே படிப்பார்கள் என்று நினைத்திருக்கிறான். கடிதத்தின் மூலையில் துரை ஏற்கெனவே '2' போட்டிருந்தார்.

எடுத்துக்கொண்டு ஓடினேன். துரை கணப்பின் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இது என் தம்பி," என்றேன்.

"தெரியும். நல்ல உழைப்பாளி. வருத்தமாக இருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில்.

"நீங்கள்தானே முதலாளிக்குச் சிபாரிசு எழுதினீர்கள்? இன்னொரு வரி எழுதக்கூடாதா?"

"ஒருமுறை கேட்டுவிட்டேன், அவரிடம் மறுபடியும் கேட்க முடியாது. உதவி கேட்கிற ஒவ்வொருவனுக்கும் எங்கேயோ ஓர் அக்கா இருக்கத்தான் செய்கிறாள். நான் யாருக்கும் தனிச்சலுகை காட்டுவதில்லை. அதனால்தான் என்னைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறார்கள்." பைப்பைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார். "பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலைக்கு என்னிடம் சிபாரிசு கேட்டிருந்தாயே. அதையும் இன்றைக்கு அடித்து வை. நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுகிறேன்."

திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் என் சிபாரிசுக் கடிதத்தை அடித்து வைத்தேன். கணப்புக்குக் காகிதம் எடுக்க வந்த சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"தொரை எதைப் படிச்சுக் கையெழுத்துப் போடுறாரு? மொதலாளிக்கு நீயே ஒரு கடுதாசி அடிச்சு நடுவுல சொருகிவிடு புள்ள. வெரசா அடி, மணி நாலாகப்போகுது."

அவர் சொன்னது சரிதான். படிக்கவே மாட்டார். தாளைச் சொருகி முதலாளி பெயரை அடித்தேன். 'அன்புள்ள' என்பதையும் அடித்தேன். பக்கத்தில் என் சிபாரிசுக் கடிதம் கிடந்தது. மாட்டிக்கொண்டால் அது போச்சு, இந்த வேலையும் போச்சு. திரும்பப் பள்ளங்கிக்குப் போய்ப் பூண்டுதான் உரிக்க வேண்டும். தாளை உருவிக் கசக்கிவிட்டு வேறு தாளில் இரண்டாம் நம்பரை அடித்தேன். ஒரு பிழை விடவில்லை. தம்பிக்கு நானே தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று மனதைச் சமாதானம் செய்தேன். அவன் கடிதத்தைச் சமையல்காரர் தொடமாட்டேன் என்றுவிட்டார். நானே கொண்டுபோய்க் கணப்பில் போட்டேன்.

சிபாரிசு பலித்தது. வேலை உறுதியான பிறகுதான் தம்பிக்கு எழுதினேன், அத்தனை ஜாக்கிரதை எனக்கு. ஆள் இல்லை என்ற முத்திரையோடு என் கடிதம் திரும்பி வந்தது. துரை அதற்கப்புறமும் ஒரு தேர்தல் ஜெயித்தார். அவர் செத்தபோது அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்ததை அவருடைய அக்கா எனக்குப் படித்துக் காட்டினார். தனக்கு எழுதிய எவருக்கும் அவர் பதில் போடாமல் இருந்ததில்லை என்று போட்டிருந்தான். வாஸ்தவம். தம்பிக்குக்கூடப் போட்டோமே.

தம்பிக்குப் போட்ட அந்தப் பதில், அந்தச் செப்டம்பருக்கு அடுத்த பொங்கல் முடிந்த வாரம் பள்ளங்கி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. உறையில் இங்கிலாந்துத் தபால்தலை இருந்தது, அனுப்பியவர் முகவரி இல்லை. உள்ளே நான் அடித்த அதே தாள். அதில் ஒன்பது இடத்தில் 'ஜி' வரும். ஒன்பதும் துள்ளிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றையும் பென்சிலால் கோணல்மாணலாகச் சுழித்திருந்தான். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை.

அம்மா பூண்டுத் தண்டை அறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி கடுதாசிதான? என்ன எழுதியிருக்கான், படி."

எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. "ஏதாச்சும் ஒதவி வேணும்னா தயங்காம எழுதச் சொல்லியிருக்கான்," என்றேன்.

"எம் புள்ள," என்று அம்மா அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நமக்கு ஒதவி ஒண்ணும் வேணாம், அவன ஒருதடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லு. இன்னைக்கே எழுதிரு."