அண்ணன் கேட்ட கலர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். "தாய்மாமன் வாங்க" என்று ஐயர் கூப்பிட்டார். என் பெரியப்பா மகன் மேடையேறி, மாலை போட்டு, பச்சைப் பட்டுச் சேலை கொடுத்தார். நல்ல சேலைதான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏற வேண்டியவர் என் சொந்த அண்ணன். நல்லம்பள்ளியில் சாமந்தி போட்டுக்கொண்டிருந்தவர். கணையத்தில் கேன்சர். கார்த்திகையில் போய்விட்டார்.

அவரை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களில் ஆப்பிள் கொண்டுவராதவர் உண்டு. அட்வைஸ் கொண்டுவராதவர் இல்லை. "பாசிடிவா நினைங்க, பாதி நோய் போயிடும்." மீதிப் பாதி எப்படிப் போகும்? யாரும் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்துக்குத் தலைவியே நான்தான். காலையில் அவர் போனுக்கு ஒரு தன்னம்பிக்கை வீடியோ அனுப்பாமல் காபி குடிக்க மாட்டேன்.

ஒருநாள் டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் அண்ணன் ஆரம்பித்தார்.

"கல்யாணம் தையிலதான? அதுவரைக்கும் நான் இருப்பனான்னு தெரியலம்மா. பாப்பாவ ஒருநாள் வூட்டுக்குக் கூட்டிட்டு வா. சேல வாங்கிக் குடுத்து, நம்ம தோட்டத்துப் பூவுலயே மாலையும் போட்டுப் பாத்துடறேன். அவளுக்கு என்ன கலரு புடிக்கும்?"

"என்னண்ணா பேச்சு இது? நெகடிவாவே யோசிக்கிற. மேடையில நீதான் மாலை போடப்போற. மொதல்ல எந்திரிச்சு வா."

முகூர்த்தத்துக்கு முன்பே மாமன் மாலை போட்டால் அபசகுனமோ என்ற பயமும் எனக்கு. அண்ணன் "சரிம்மா" என்றார்.

அதோடு சரி... அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எப்போது போனாலும் சிரித்த முகம். "நல்லாருக்கேன்மா." என் வீடியோக்கள் வேலை செய்கின்றன என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி.

"தெனமும் எங்கூட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுவாருங்க. தங்கச்சி பொண்ணு கல்யாணத்தப் பாக்க முடியாதேன்னு. நீங்க வர்ற நேரமாச்சுன்னா எந்திரிச்சுப் போயி மூஞ்ச கழுவிக்குவாருங்க. 'எந்தங்கச்சி பயந்துக்கும்'னு சொல்வாருங்க."



பாசிடிவாக நினையுங்கள் என்று நாம் யாருக்காகச் சொல்கிறோம்? நோயாளிக்காகவா? அவர் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்க நமக்குத்தான் தைரியம் இல்லை. சாகப்போகிறவர் தலையில், நம்மைத் தேற்றும் வேலையையும் கட்டிவிடுகிறோம். கூடப்பிறந்தவள் நான் இருக்க, என் அண்ணன் அழுவதற்கு அடுத்த கட்டில்காரரைத் தேடினார். அப்படித் தேட வைத்தவள் நான்.

உங்கள் வீட்டில் யாராவது "நான் இருக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தால், தயவுசெய்து வாயை அடைக்காதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மாம்பழ மஞ்சள், அண்ணா. பாப்பாவுக்குப் பிடித்த கலர் மாம்பழ மஞ்சள்.